பேர் வெட்டிய தூக்கு

நவம்பர் 9

இது போன வருஷத்து டைரி. தேதி சரியாக இருக்கும், கிழமை மட்டும் பொய் சொல்லும். நான் வேலை பார்க்கும் நூலகத்தில் பழைய பேப்பரோடு கட்டி வைத்திருந்ததில் புதுசாகக் கிடந்தது, எடுத்து வந்துவிட்டேன். தினமும் ரத்த அழுத்தத்தை எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். இன்று 150/90. எழுதியாயிற்று. மீதிப் பக்கம் வெறுமனே கிடப்பதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. அதனால் மற்றதையும் எழுதுகிறேன்.

வால்பாறையில் வெயிலைப் பார்த்துப் பத்து நாள் ஆகிறது. துவைத்த துணி வீட்டுக்குள்ளேயே கொடியில் தொங்குகிறது. நூலகத்துக்கு வருகிற நாலு பேரும் பேப்பர் படிக்க வரவில்லை, என் சுக்குக் காப்பிக்கு வருகிறார்கள். கூட்டிப் பெருக்க வரும் மரியபுஷ்பம் முதல் டம்ளரைக் குடித்த பிறகுதான் துடைப்பத்தையே தொடுவாள். சுக்கு, மல்லி, மிளகு தட்டிப்போட்டு, கருப்பட்டி கரைந்து பொங்கி வரும்போது இறக்கிவிட வேண்டும். அதற்கு மேல் விட்டால் கசக்கும். இந்த ஒரு விஷயத்தில் என்னைக் குறை சொல்ல ஊரில் ஆள் கிடையாது.

வீட்டில் குறை சொல்லவும் ஆள் இல்லை, நன்றாயிருக்கிறது என்று சொல்லவும் ஆள் இல்லை. மகள் சுடர்விழி ஒரு தனியார் ஆஸ்பத்திரி லேபில் வேலை செய்கிறாள். தட்டில் என்ன விழுந்தாலும் போனைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவாள். ஞாயிற்றுக்கிழமையானால் ஓவர்டைம் என்று போய்விடுவாள். இன்றும் போயிருக்கிறாள். ஒரு ஆளுக்கு என்னத்தை வைத்து என்னத்தைச் சாப்பிட?

நவம்பர் 11

148/90. பல்லி ஒன்று உப்பு ஜாடிக்குள் விழுந்துவிட்டது. உப்பைக் குறைக்கச் சொன்ன டாக்டருக்குச் சந்தோஷமாயிருக்கும்.

நவம்பர் 14

சுடர் இன்று தானாக அடுப்படிக்கு வந்து என் பக்கத்தில் நின்றாள். காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன்.

“ம்மா, செலவு ரசம் வெச்சுத் தர்றியா?”

“உனக்கா?”

“எனக்கில்ல. எங்க லேப்ல பிரேமின்னு ஒரு அக்கா. நெஞ்செல்லாம் சளி கட்டிட்டு, ரூம்ல தனியாக் கெடக்கறாங்க. எங்கம்மா வெச்சா ஒரே நாள்ல எந்திரிச்சிருவீங்கன்னு சொல்லிட்டேன்.”

எங்கம்மா வெச்சா! என் பிள்ளை வாயிலிருந்து இதைக் கேட்டு எத்தனை வருஷம். நாட்டு மருந்துக் கடைக்கு நானே ஓடினேன். சித்தரத்தை, கண்டந்திப்பிலி, சுக்கு, மிளகு என்று செலவுச் சாமான் மொத்தமும் வாங்கி, வறுத்து, அரைத்து, சின்ன வெங்காயமும் பூண்டும் நல்லெண்ணெயில் வதக்கிக் கொதிக்கவிட்டால் பக்கத்து வீட்டுக்காரிக்கும் மூக்கடைப்பு விட்டுப்போகும். எங்கள் பொள்ளாச்சிப் பக்கம் சளிக்கும் இதுதான், உடம்பு தேற வேண்டிய யாருக்கும் இதுதான்.

எதில் ஊற்றித் தருவது என்று பார்த்து, கடைசியில் கல்யாணத் தூக்கை எடுத்தேன். சூடு நிற்கும். என் அப்பா சீராகக் கொடுத்தது இரண்டு தூக்கு. இரண்டும் ஒரே அளவு. இரண்டின் மூடியிலும் ‘ந. சாந்தகுமாரி’ என்று பேர் வெட்டியிருக்கும். இப்போது இருப்பது ஒன்றுதான். இன்னொன்றில் நாலு வருஷத்துக்கு முன் ஒரு ஆவணி மாதக் காலையில், அப்போது என் வீட்டுக்காரராக இருந்த அந்த ஆளுக்குப் புளிசாதம் கட்டிக் கொடுத்தேன். எஸ்டேட் வேலையாகப் பொள்ளாச்சி போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அவரும் திரும்பவில்லை, தூக்கும் திரும்பவில்லை. எட்டு கிலோமீட்டர் தள்ளி எஸ்டேட் குவார்ட்டர்ஸில் வேறொருத்தியோடு இருக்கிறார். கோர்ட்டில் விவாகரத்துக் கையெழுத்துப் போட்ட அன்று வக்கீல், வேறு ஏதாவது கேட்க வேண்டுமா என்றார். தூக்கைக் கேட்க வாய் வந்தது. சிரிப்பார்கள் என்று விட்டுவிட்டேன்.

நவம்பர் 15

தூக்கு திரும்பி வந்தது. சுத்தமாகத் தேய்த்துக் கழுவி, உள்ளே ஒரு கை கற்கண்டு.

பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரக்கூடாது என்பது இந்தக் காலத்துப் பெண் ஒருத்திக்குத் தெரிந்திருக்கிறது! ரூமில் சளியோடு கிடக்கிறவள், எழுந்து கழுவி, கற்கண்டு போட்டு அனுப்பியிருக்கிறாள். யார் பெற்ற பிள்ளையோ, நல்ல வளர்ப்பு. கற்கண்டைச் சுக்குக் காப்பியோடு கடித்துக்கொண்டேன். 140/86.

நவம்பர் 19

தினமும் தூக்கு போகிறது, தினமும் ஏதாவது போட்டுக்கொண்டு வருகிறது. ஒருநாள் சர்க்கரை, ஒருநாள் இரண்டு மலை வாழைப்பழம். இன்று பூண்டுப் பால் கேட்டாள்.

“ரெண்டு முழுப் பூண்டு போடும்மா. அப்பறம் குழம்புல புளி வேண்டாம். காரமும் கம்மியா.”

“என்னடி சளி இது, பத்தியமெல்லாம் கேக்குது?”

“டாக்டர் சொல்லிட்டாரும்மா.”

பூண்டைப் பாலில் வேகவைத்து மசித்து, மிளகும் பனங்கற்கண்டும் போட்டேன். சுடர் பக்கத்தில் நின்று பூண்டு உரித்துக் கொடுத்தாள். போனைத் தொடவில்லை. லேபில் நடந்த கதையெல்லாம் சொன்னாள். பிரேமிக்கு இன்னும் நாலு நாள் சளி இருக்கட்டும் என்று நினைத்தேன். பாவம்தான், ஆனால் நினைத்தேன்.

நவம்பர் 23

சுடர் நேற்று சுறாப் புட்டு கேட்டாள். இன்று சந்தையில் பால்சுறா வாங்கிக்கொண்டிருந்தபோது மரியபுஷ்பம் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“யாருக்குக்கா பிள்ளை பெத்திருக்கு?”

“யாருக்கும் இல்ல. எனக்குத்தான் ஆசையா இருந்துச்சு.”

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, “அப்ப சரிக்கா” என்று போய்விட்டாள்.

நான் ஒன்றும் மக்கு இல்லை. பூண்டும் சுறாவும் எதற்கு என்று எனக்குத் தெரியாதா? தாய்ப்பால் ஊறுவதற்கு. பிரேமிக்குச் சளியும் இல்லை கிளியும் இல்லை. தனியாக ரூமில் இருக்கிறவள், கல்யாணம் ஆகாதவள், பிள்ளை பெற்றிருக்கிறாள். அம்மா ஒரு மாதிரி பேசுவாள் என்று பயந்து சுடர் மறைக்கிறாள். அவள் சொல்லாமல் நானும் கேட்பதாக இல்லை. ஆனால் எனக்கு உள்ளுக்குள் பெருமையாக இருக்கிறது. ஊரே காறித் துப்புகிற பெண்ணுக்கு என் மகள் சோறு கொண்டுபோகிறாள். நான் வளர்த்த பிள்ளை.

சுறாவை மஞ்சள் போட்டு வேகவைத்து, தோலை உரித்து உதிர்த்து, பூண்டை அள்ளிப் போட்டு வதக்கினேன். புட்டு பூப்போல வந்தது.

நவம்பர் 27

நாலு நாளாக நூலகத்தில் கவுண்டருக்குக் கீழே ஒளித்து வைத்துப் பின்னியதை இன்று முடித்தேன். மஞ்சள் கம்பளியில் ஒரு குல்லா, காது மூட, நாடாவோடு. இன்று உளுந்தங்களி கிண்டினேன். கருப்பட்டிப் பாகில் மாவைக் கொட்டிக் கை விடாமல் கிளற வேண்டும், தோள்பட்டை இன்னும் வலிக்கிறது. களியைத் தூக்கில் வைத்து, குல்லாவைக் காகிதத்தில் சுற்றி மேலே வைத்தேன்.

“இது என்னம்மா?”

“பிரேமிகிட்டக் குடு. அவளுக்குத் தெரியும். எனக்கு எல்லாம் தெரியும் அம்மிணி. நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம்.”

சுடர் முகம் வெளுத்துப்போனது. “உனக்குத் தெரியுமா?” என்றாள். “தெரிஞ்சுமாம்மா செய்யற?”

“பிள்ளை என்ன பாவம் பண்ணுச்சு? பெத்தவ பண்ணுனதுக்குப் பிள்ளையும் பால் இல்லாமக் கெடக்கோணுமா?”

என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். பள்ளிக்கூடம் போகிற வயதுக்குப் பிறகு அவள் என்னைக் கட்டிப்பிடித்ததில்லை. நானும் அழுதேன். இப்படி ஒரு நாளுக்காக எத்தனை களி வேண்டுமானாலும் கிண்டலாம். 136/84.

டிசம்பர் 1

தூக்கு வந்தது. உள்ளே கற்கண்டு. கொட்டிவிட்டு மூடியைத் தேய்த்தேன். விரலில் ஏதோ தட்டுப்பட்டது.

மூடி முழுக்கச் சின்னச் சின்னக் குழி.

இது என் மூடிதான். ஆனால் என்னிடம் இருந்த மூடி இல்லை. சுடருக்கு மூன்று வயதில், மழைக்கு வெளியே விடாமல் வைத்திருந்தால், இதைக் கவிழ்த்துப்போட்டு இரும்புக் கரண்டியால் தட்டிக்கொண்டிருப்பாள். தலைவலிக்கிறது என்று அந்த ஆள் கத்துவார். நான் பிடுங்கமாட்டேன். அவள் தட்டித் தட்டி விழுந்த குழிகள். புளிசாதம் கட்டிக் கொடுத்த அன்றைக்கு இந்த மூடியைப் போட்டுத்தான் மூடினேன்.

இதற்கு மேல் எழுத வரவில்லை.

டிசம்பர் 2

லீவு சொல்லிவிட்டேன். 172/104. நேற்று நடந்ததை எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால், நடக்கவில்லை என்று நானே என்னை ஏமாற்றிக்கொள்வேன்.

சுடர் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மூடியை அவள் முன்னால் வைத்தேன். பார்த்ததும் புரிந்துகொண்டாள்.

“அதான் தெரியும்னியேம்மா.”

“எனக்கு என்ன தெரியும்?”

“பிள்ளை என்ன பாவம் பண்ணுச்சுன்னு கேட்டியே. நீ அப்பாவோட பிள்ளையைத்தான் சொல்றியோன்னு நெனச்சேன். பெத்தவன்னதும் அப்பாகூட இருக்கறவங்களைத்தான்னு...”

பிரேமி என்று ஒருத்தி கிடையவே கிடையாது. நான் பதினெட்டு நாளாகப் பத்தியம் சமைத்துப் போட்டது அந்த ஆளோடு இருக்கிறவளுக்கு. நான் பின்னிய குல்லா அவர்கள் பிள்ளையின் தலையில் இருக்கிறது.

“அவங்களுக்கு அம்மா இல்லம்மா. யாருமே இல்ல. அப்பாவுக்கு வெந்நி வெக்கக்கூடத் தெரியாது. தம்பிக்குப் பால் பத்தல, அழுதுட்டே கெடந்தான்.”

தம்பி என்றாள். தடுமாறாமல் சொன்னாள். பல நாள் சொல்லிப் பழகிய வாய்.

“எத்தனை நாளா அங்க போற?”

“ரெண்டு வருஷமா. ஞாயித்துக்கிழமை மட்டும்.”

ஓவர்டைம். நூறு ஞாயிற்றுக்கிழமை இருக்கும். ஒவ்வொரு ஞாயிறும் நான் ஒரு ஆளுக்கு ரசம் வைத்துக்கொண்டு, பிள்ளை பாடுபடுகிறாளே என்று சாயங்காலம் அவள் காலுக்கு வெந்நீர் வைத்துக் காத்திருந்தேன்.

“அவருக்குத் தெரியுமா, இது நான் செஞ்சதுன்னு?”

“நான் சொல்லல. மொத நாள் ரசத்தை ஒரு வாய் குடிச்சாரு. அப்படியே வெச்சிட்டு எந்திரிச்சு வெளிய போயிட்டாரு.”

“அவளுக்கு?”

“அவங்களுக்குச் சத்தியமாத் தெரியாதும்மா. ஒரு மெஸ் அக்கா செஞ்சு தர்றாங்கன்னுதான் சொல்லியிருக்கேன்.”

மூடியைத் திருப்பி எழுத்தை அவள் பக்கமாக வைத்தேன். “இதே பேரு போட்ட தூக்கு நாலு வருஷமா அவ அடுப்படியில இருக்குது. அவளுக்குப் படிக்கத் தெரியாதா?”

சுடர் அந்த எழுத்தை விரலால் தடவிப் பார்த்தாள். அவளும் இதை யோசித்ததில்லை.

அவளுக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் கற்கண்டு போட்டிருக்கிறாள். அந்த ஆளுக்கு வாயில் வைத்ததும் தெரிந்திருக்கிறது. என் மகளுக்குத் தெரியும். என் பேரை வெட்டிய தூக்கு, என் கையால் செய்த சோறு, எனக்கு மட்டும்தான் தெரியாது. மூடி கைதவறி மாறியதா, அவளே மாற்றி அனுப்பினாளா என்றுகூட இப்போது சந்தேகமாக இருக்கிறது.

“இனி எங்கிட்டப் பொய் சொல்லாத” என்றேன். மிச்சமிருந்த செலவுச் சாமானைக் குப்பையில் கொட்டினேன்.

டிசம்பர் 4

மரியபுஷ்பத்திடம் கேட்டேன், உனக்குத் தெரியுமா என்று.

“ஊருக்கே தெரியும்க்கா. நீங்க சுறா வாங்கினப்ப, தெரிஞ்சுதான் செய்றீங்கன்னு நெனச்சேன். எவ்ளோ பெரிய மனசுன்னு வீட்ல போய்ச் சொன்னேன்.”

பெரிய மனசாம். சுக்குக் காப்பி கசந்துவிட்டது. நாலு பேரும் ஒன்றும் சொல்லாமல் குடித்தார்கள். அவர்களுக்கும் தெரிந்திருக்கும்.

டிசம்பர் 5

காலையில் கருகிய நாற்றம். சுடர் களி கிண்டப் பார்த்து அடிப்பிடிக்க விட்டிருக்கிறாள். பாகு முற்றி, மாவு கட்டி கட்டியாக நின்றது. கையில் கொப்புளம். என்னைப் பார்த்ததும் சட்டியை மறைத்துக்கொண்டு நின்றாள்.

“தம்பி நேத்தெல்லாம் அழுதானாம்மா. பாட்டில் பால் ஒத்துக்கல.”

கொப்புளத்துக்கு மருந்து போட்டேன். போட்டுக்கொண்டே சொன்னேன். “நாப்பது நாள் முடியற வரைக்கும் செஞ்சு தர்றேன். ஆனா நீ கொண்டுபோகக் கூடாது. உங்கப்பன் வரோணும். என்ற தூக்கை எடுத்துட்டு வந்து, வாசல்ல நின்னு, வாங்கிட்டுப் போகோணும். தெனமும்.”

வரமாட்டார் என்று நினைத்துத்தான் சொன்னேன். வராவிட்டால் பழி அவர் தலையில். நான் செய்யமாட்டேன் என்று சொன்னதாக இருக்காது.

டிசம்பர் 6

வந்துவிட்டார்.

ஏழு மணிக்கு, தூறலில், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நின்றார். கையில் என் தூக்கு. வாசலுக்கு வெளியிலேயே நின்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. வராமல் இருந்திருக்கலாமே. நாலு வருஷத்தில், எனக்குச் சிக்குன்குனியா வந்தபோது, சுடருக்கு வேலை கிடைத்தபோது, ஒரு நாள்கூட இந்த வாசலுக்கு வராத கால், அந்தப் பிள்ளைக்காக எட்டு கிலோமீட்டர் வந்திருக்கிறது.

நேற்றே மறுபடி வாங்கி வைத்த சாமானில் ரசம் வைத்து ஊற்றிக் கொடுத்தேன்.

“சாந்தா” என்றார்.

“அடியில சுடும். துண்டை வெச்சுப் பிடிங்க” என்றேன். கதவைச் சாத்தினேன். 166/98.

டிசம்பர் 9

பூண்டுப் பால், முருங்கைக்கீரை. வந்தார், வாங்கினார், போனார். தூக்கு வெறும் தூக்காகத்தான் வருகிறது. அவள் எதுவும் போடுவதில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது என்பது அவளுக்கும் தெரிந்துவிட்டது.

டிசம்பர் 13

சுறா கிடைக்கவில்லை. நெத்திலிக் கருவாடு. சுடரிடம் பேசி எட்டு நாள். தட்டை வைப்பேன், சாப்பிடுவாள், கழுவி வைப்பாள். போனைப் பார்ப்பதில்லை, என்னைப் பார்க்கிறாள். நான் சுவரைப் பார்க்கிறேன். வெளியாள் செய்த துரோகத்துக்குக் கோர்ட் இருக்கிறது, வக்கீல் இருக்கிறார். பெற்ற பிள்ளைமேல் எங்கே போய் வழக்குப் போடுவது?

டிசம்பர் 16

இன்று நின்று ஏதோ சொல்ல வந்தார். “சுடரைக் கோவிச்சுக்காத. அவ நல்லதுன்னு நெனச்சுத்தான்...”

“என்ற பிள்ளையைப் பத்தி நீங்க எனக்குச் சொல்ல வேண்டாம்.”

சொன்ன பிறகுதான் உறைத்தது. இரண்டு வருஷமாக அவள் மனதில் இருந்தது அவருக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை.

டிசம்பர் 20

பிள்ளை பிறந்து நாற்பதாவது நாள். உளுந்தங்களி நேற்றோடு சரி. இன்று வெறும் சுக்குக் காப்பிதான் ஊற்றிக் கொடுத்தேன், அதுவும் தூக்கில் இல்லை, ஒரு பிளாஸ்டிக் பாத்திரத்தில். தூக்கை வாங்கி உள்ளே வைத்துக்கொண்டேன். இனி வர வேண்டாம் என்றேன். தலையாட்டினார். பிள்ளை எடை கூடிவிட்டதாகச் சொன்னார். நான் கேட்கவில்லை.

திறந்து பார்த்தால் உள்ளே வாய் வரைக்கும் கற்கண்டு. இத்தனை நாள் போடாததை எல்லாம் சேர்த்து வைத்துப் போட்டது போல. அடியில் மடித்து ஒரு துணி. என் மஞ்சள் குல்லாவாக இருக்குமோ என்று பதறி எடுத்தேன். இல்லை. தூக்கு துடைக்கிற துணி, துவைத்து மடித்தது. அப்படியென்றால் குல்லா பிள்ளைக்குப் போட்டிருக்கிறார்கள். திருப்பி அனுப்பியிருந்தால் கோபப்படலாம். அனுப்பாததற்கும் கோபம்தான் வருகிறது.

கற்கண்டை நூலகத்துக்கு எடுத்துப்போய் மரியபுஷ்பத்திடம் கொடுத்துவிட்டேன். இரண்டு தூக்கும் நாலு வருஷம் கழித்து ஒரே அலமாரியில் இருக்கின்றன. மூடியை அதனதன் தூக்கில் சரியாகப் போட்டேன்.

டிசம்பர் 21

ஞாயிறு. டைரி சனி என்கிறது.

காலையில் சுக்குக் காப்பி சரியாக வந்தது. சுடருக்கு ஒரு டம்ளர் ஊற்றி, “குடி அம்மிணி” என்றேன். பதினாறு நாளுக்குப் பிறகு பேசிய வார்த்தை. முழுசாகக் குடித்தாள். “நல்லா இருக்கும்மா” என்றாள். குளித்தாள், தலை பின்னினாள், செருப்பை மாட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வாசற்படியில் நின்று “ஓவர்டைம்மா” என்று ஒரு குரல் கொடுத்துவிட்டுப் போவது வழக்கம். இன்று திரும்பி உள்ளே வந்தாள். நான் டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

“ம்மா, அப்பா வீட்டுக்குப் போறேன். தம்பியைப் பாத்துட்டு, மத்தியானம் அங்கயே சாப்பிட்டு, சாயங்காலம் வந்துருவேன்.”

பொய் சொல்லாதே என்று நான்தான் சொன்னேன். சொல்லவில்லை. எங்கே, யாரைப் பார்க்க, எங்கே சாப்பாடு என்று ஒன்று விடாமல் சொல்லிவிட்டாள். ஓவர்டைம் என்று சொல்லிக்கொண்டிருந்த ஞாயிறுகளே தேவலாம் போலிருந்தது.

“மழை வரும்” என்றேன். “குடையை எடுத்துட்டுப் போ.”